சபைக்குள் இனக் காயம் ஆற: சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1964 ஜூலை 21 அன்று, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது சிங்கப்பூரில் மூண்ட கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் கலவரம் வெடித்து மேலும் 13 பேர் மாண்டார்கள். அந்த நாளை மறக்கக்கூடாது என்பதற்காக 1997 முதல் பள்ளிகள் ஜூலை 21ஐ இன நல்லிணக்க நாளாக அனுசரிக்கின்றன. பல சபைகளும் அதையொட்டி ஒரு ஞாயிறன்று சேலை, சியோங்சாம், பாஜு கூரோங் உடுத்தி, ஆராதனை முடிந்ததும் பிரியாணியும் பீஹூனும் பரிமாறுகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் அடுத்த ஞாயிறு எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. தமிழ் ஆராதனை பிற்பகலில், பின்பக்க அறையில். நிர்வாகக் குழுவில் தமிழர் ஒருவர், அவரும் பேசாமல் இருப்பவர். வாசலில் நிற்கும் வெளிநாட்டு ஊழியரிடம் யாரும் பெயர் கேட்பதில்லை.

சமாதானம் இல்லாத இடத்தில் சமாதானம், சமாதானம் என்று சொல்லி, ஜனத்தின் காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறவர்களை எரேமியா 6:14 கடிந்துகொள்கிறது. விருந்தோடு தொடங்கி விருந்தோடு முடித்துவிடும் சபைகளுக்கு அந்த வசனம் அப்படியே பொருந்தும். விருந்து வேண்டும், ஆனால் அதன் இடம் கடைசி. முதலில் கேட்பது, பிறகு புலம்பல், பிறகு பாவ அறிக்கை, பிறகு ஈடுசெய்வது, அதற்குப் பின்தான் மேசை. இந்த வரிசையை மாற்றினால் பலன் இராது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர் 74.3 விழுக்காடு, இந்தியர் 9 விழுக்காடு. எனவே தமிழ்க் கிறிஸ்தவர்கள் பெரும்பாலான இடங்களில் சிறுபான்மையினர், காயப்பட்டவர்கள். அதே தமிழ்க் கிறிஸ்தவர்கள் மலாய்க்காரரைப் பற்றியும், பங்களாதேஷ் ஊழியரைப் பற்றியும், ஊரிலிருந்து நேற்று வந்திறங்கிய தமிழரைப் பற்றியும் வீட்டுக்குள் பேசுகிற பேச்சு வேறு மாதிரி. நாம் காயப்பட்டவர்கள், காயப்படுத்தியவர்களும் கூட. ஒரு பாதியை மட்டும் பேசும் சபையை அடுத்தவர் நம்பமாட்டார்.

இந்த வழிகாட்டி தமிழ்ச் சபைகளுக்கும், சீன, ஆங்கில ஆராதனைகளோடு ஒரே கட்டடத்தைப் பகிரும் தமிழ் ஆராதனைக் குழுக்களுக்கும் எழுதப்பட்டது. முழுதாகச் செய்து முடிக்க ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும்.

படி 1: சபையின் கதையை உள்ளபடி எழுதுங்கள்

யாரையும் குற்றம் சாட்டுமுன் வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் கிறிஸ்தவத்தின் கதையில் தமிழர் பின்னாளில் வந்து சேர்ந்த விருந்தாளிகள் அல்ல. 1885இல் இங்கே மெதடிஸ்ட் பணியைத் தொடங்கிய வில்லியம் ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர். அடுத்த இரண்டே ஆண்டுகளில் தமிழ் மெதடிஸ்ட் சபை உருவாகிவிட்டது. ஷார்ட் ஸ்திரீட்டில் இன்றும் இருக்கிறது. ஓஃபிர் ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுப்பப்பட்ட லூர்து அன்னை ஆலயம் 1888இல் கட்டி முடிக்கப்பட்டது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை 1850களின் நடுப்பகுதி முதல் எழுப்பிய கைகள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் கைகள். அதன் உட்சுவர் வெள்ளைப் பூச்சுக்கு மதராஸ் சுண்ணாம்பு என்றே பெயர். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீர் எல்லாம் சேர்த்துக் குழைத்தது. அந்தச் சுவரைப் பார்த்து வியக்கிற எத்தனை பேருக்கு அதைப் பூசியவர்கள் கைதிகள் என்று தெரியும்?

உங்கள் சபையின் கதையையும் இப்படித் தோண்டுங்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, ஆண்டறிக்கை, பொன்விழா மலர் எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். மூத்தவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: தொடக்கத்தில் இங்கே யார் யார் இருந்தார்கள்? யார் விலகிப் போனார்கள்? ஏன்? மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் தயங்கித் தயங்கி வரும்.

கூடவே சாதியையும் எழுத வேண்டும். இனம் பேச வந்த இடத்தில் சாதி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். சீனர் நம்மைத் தள்ளிவைக்கிறார் என்று வருந்தும் அதே வாய், மகளுக்கு வரன் பார்க்கும்போது ‘எந்த ஊர்?’ என்று சுற்றிவளைத்துக் கேட்கிறது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்க ஆலயத்தில் இரண்டு சாதியாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பீடத்தை நோக்கி உட்கார இரண்டு தனித்தனிக் கூடங்கள் இருந்தன, இடையே ஒரு சுவரோடு. அந்தச் சுவரை இடித்தது 1910இல். எபேசியர் 2:14இல் ‘பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து’ என்று வாசித்துக்கொண்டே நம் முன்னோர் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து நடுச்சுவர் கட்டினார்கள். கப்பலேறி வந்தபோது செங்கல்லை அங்கேயே விட்டுவிட்டோம். மற்றதைக் கொண்டுவந்தோமா என்பதை ஒவ்வொரு சபையும் தன்னைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த வேலைக்கு இரண்டு மாதம் கொடுங்கள். முடிவில் நான்கைந்து பக்கத்தில் ஓர் அறிக்கை இருந்தால் போதும்.

படி 2: சரியான ஆட்களைக் கூட்டுங்கள்

ஏழெட்டுப் பேர் போதும். அதில் பாதிக்கு மேல் எப்போதும் கேட்கப்படாதவர்களாக இருக்கட்டும்: தங்குவிடுதியில் இருக்கும் ஓர் ஊழியர், வீட்டுப் பணிப்பெண் ஒருவர், தமிழ் சரளமாக வராத ஓர் இளையர், சீனரையோ மலாய் வேரிலிருந்து வந்தவரையோ மணந்தவர், இலங்கைத் தமிழர் ஒருவர். போதகர் குழுவில் இருக்கலாம். தலைமை தாங்க வேண்டாம். ‘பாஸ்டர் முன்னாடி எப்படிச் சொல்றது’ என்ற தயக்கம் நம் மக்களிடம் ஆழமானது.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை இந்தக் குழுவோடு முதல் கூட்டத்திலேயே வாசியுங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் ‘நாமெல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று, மொழியைக் கிளப்பாதீர்கள்’ என்று வாயடைக்கவில்லை. புகாரை மெய்யென்று எடுத்துக்கொண்டு, எல்லாரையும் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். புறக்கணிக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்று கருத இது போதுமான சான்று. பந்தி பரிமாறும் அதிகாரம் அவர்கள் கைக்குப் போயிற்று. இந்தப் பகுதியைத் தமிழ்ப் பிரசங்கங்களில் உதவிக்காரர் நியமனத்துக்கு மட்டுமே பயன்படுத்திப் பழகிவிட்டோம். மொழிச் சிறுபான்மையின் மனக்குறையைத் திருச்சபை கையாண்ட முதல் வழக்கு அது.

படி 3: கேட்கும் கூட்டங்கள் நடத்துங்கள்

முழு வழிகாட்டியில் மிகக் கடினமானதும் மிக முக்கியமானதும் இதுதான். அவசரப்படாதீர்கள்.

நேரமும் இடமும். வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஞாயிறு மட்டுமே சொந்த நாள். அதிலும் ஊருக்குப் பணம் அனுப்புவது, தேக்காவில் சாமான் வாங்குவது, நண்பரைப் பார்ப்பது எல்லாம் உண்டு. ஆகவே கூட்டத்தை ஆராதனையை ஒட்டி வையுங்கள், சாப்பாடு போடுங்கள், துவாஸ், சுங்கை காடுட் பக்கம் போகிறவர்களுக்குத் திரும்பிப் போக வண்டி ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஒரு வட்டத்தில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம்.

யாரோடு யார்? முதல் சுற்றில் கலக்க வேண்டாம். ஒரே சபையில் முதலாளியும் அவரிடம் வேலை பார்ப்பவரும் இருப்பார்கள். வீட்டு எசமானியும் பணிப்பெண்ணும் ஒரே வரிசையில் உட்காருவார்கள். வேலை அனுமதிச் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் முன்னால் எவரும் உண்மை பேசமாட்டார். முதலில் அவரவர் குழுவாகப் பேசட்டும். அவர்கள் சம்மதித்ததை மட்டும், பெயர் இல்லாமல், இரண்டாம் சுற்றுக்குக் கொண்டுபோங்கள். யார் சொன்னது என்று அடையாளம் தெரிந்துவிடும் செய்தியைக் கொண்டுபோகவே கூடாது. ஒருவருடைய பிழைப்பு அதில் இருக்கிறது.

மொழி. சீன, ஆங்கில ஆராதனையாரோடு அமரும் கூட்டத்தில் நம்மவர் தமிழில் பேசட்டும், வேறொருவர் மொழிபெயர்க்கட்டும். அரைகுறை ஆங்கிலத்தில் மனக்காயத்தைச் சொல்ல வைத்தால், சொல்கிறவர் மறுபடியும் சிறுமைப்படுவார். மொழிபெயர்ப்பவர் அந்தக் குடும்பத்தின் பிள்ளையாக இருக்கக்கூடாது. அம்மா பட்ட அவமானத்தை மகன் வாயால் சொல்ல வைப்பது கொடுமை.

கேள்விகள் எளிமையாக இருக்கட்டும். ‘இந்தச் சபையில் உங்களுக்கு இடம் இல்லை என்று தோன்றிய ஒரு தருணத்தைச் சொல்லுங்கள்.’ ‘அப்போது பக்கத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?’ ‘என்ன நடந்திருக்க வேண்டும்?’ இந்த மூன்றும் போதும். ‘உங்களுக்கு இனவாதம் நேர்ந்திருக்கிறதா’ என்று கேட்டால் பாதிப்பேர் இல்லை என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். நடந்ததைக் கேளுங்கள், கொட்டுவார்கள்.

என்ன வரும்? வீடு வாடகைக்குக் கேட்டபோது ‘இந்தியர் வேண்டாம்’ என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. கதவைத் திறந்தவர் பக்கத்துச் சபைக்காரர். பிள்ளையைப் பள்ளியில் ‘ஆப்பு நேநே’ என்று, இந்தியரை இழிவுபடுத்தும் சொல்லால் கூப்பிட்டார்கள். ஞாயிறு பள்ளியிலும் கூப்பிட்டார்கள். கைகுலுக்கும் நேரத்தில் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டார். மசாலா வாடை என்று அடுக்களையைப் பூட்டினார்கள். மறுபக்கமும் வரும்: தமிழ் ஆராதனைக்கு வந்த பிலிப்பினோ மருமகளை நான்கு வருடமாக ‘அந்த மெய்டு’ என்றே குறிப்பிட்டார்கள். ‘ஊர்க்காரங்க வந்து சபையையே மாத்திட்டாங்க’ என்று மைக் பக்கத்திலேயே பேசினார்கள். கறுப்பாய் இருக்கிற பெண் பிள்ளைக்குக் கிறிஸ்மஸ் நாடகத்தில் தேவதை வேடம் எந்த வருடமும் கிடைக்கவில்லை.

கேட்பவர்கள் சொல்லக்கூடாதவற்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ‘அது விளையாட்டுக்குச் சொன்னது.’ ‘நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க.’ ‘எங்களுக்கும்தான் நடந்திருக்கு.’ ‘மன்னிச்சு விட்டுருங்க, கர்த்தர் பார்த்துப்பார்.’ கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் வேதனை தருவது, ஏனென்றால் அது பக்தியின் குரலில் வருகிறது. மன்னிப்பு காயப்பட்டவரின் கையில் இருக்கும் வரம். அதை அடுத்தவர் கேட்டு வாங்கவோ, நாள் குறிக்கவோ கூடாது. கேட்டவர் சொல்லக்கூடியது இவ்வளவே: ‘சொன்னதற்கு நன்றி. நான் கேட்டது இது, சரியா?’ என்று திரும்பச் சொல்வது.

யாராவது அழுதால் பேச்சை மாற்றாதீர்கள், ஜெபத்துக்குள் ஓடாதீர்கள். தண்ணீர் கொடுத்துக் காத்திருங்கள். கோபப்பட்டாலும் அப்படியே. கோபம் வராதபடி சாந்தமாகச் சொன்னால்தான் கேட்போம் என்று நிபந்தனை வைப்பது கேட்பது ஆகாது.

படி 4: புலம்பலுக்கு ஓர் ஆராதனை ஒதுக்குங்கள்

கேட்டதும் உடனே தீர்வுக்குப் பாயத் தோன்றும். ஒரு ஞாயிறாவது புலம்புங்கள். லெந்து நாட்களில் ஒரு வெள்ளி மாலை இதற்கு ஏற்றது. ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்ற 13ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். கீர்த்தனைகளில் துக்கத்தின் ராகங்கள் நமக்கு ஏராளம். முகாரியை நாம் சவ அடக்கத்துக்கு மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. கேட்கும் கூட்டங்களில் வந்தவற்றில், சொன்னவர்கள் சம்மதித்தவற்றைப் பெயர் இல்லாமல் ஒவ்வொன்றாய் வாசித்து, இடையிடையே சபை மறுமொழி சொல்லட்டும். அன்று பிரசங்கம் வேண்டாம்.

படி 5: பெயர் சொல்லிப் பாவ அறிக்கை செய்யுங்கள்

‘யாராவது மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்’ என்பது அறிக்கை அல்ல. அதில் புண்படுத்தியவர் இல்லை, செயலும் இல்லை. நெகேமியா எருசலேமில் கூட வசிக்கவில்லை. அந்த நகரத்தின் மதில் இடிபட்டதற்கு அவர் காரணமும் அல்ல. ஆனாலும் ‘நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம்’ என்று அறிக்கையிட்டார். நான் நேரில் செய்யவில்லையே என்று ஒதுங்குகிறவர்களுக்கு நெகேமியா 1ஆம் அதிகாரமும் தானியேல் 9ஆம் அதிகாரமும் பதில்.

பெரிய திருச்சபைகளும் இதைக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் எடுத்துக்கொண்டன. அமெரிக்காவில் அடிமை வைத்திருப்போருக்கு ஆதரவாகப் பிரிந்து 1845இல் உருவான தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு, 150 ஆண்டு கழித்து 1995இல்தான் அதற்காக மன்னிப்புக் கேட்டது. தென்னாப்பிரிக்காவில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையேற்ற உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் 1997 நவம்பரில் சமயக் குழுக்களுக்கென்றே தனி விசாரணை நடத்தியது. நிறவெறியை எதிர்த்த சபைகளும் அங்கே வந்து, தாங்கள் போதுமான அளவு எதிர்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டன.

உங்கள் சபையின் அறிக்கையை நீங்களே எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

‘ஆண்டவரே, எங்கள் நடுவில் வந்த ஊழியர்களை நாங்கள் பெயர் சொல்லி அழைக்கவில்லை. வேலைக்கு மட்டும் கூப்பிட்டோம், விருந்துக்குக் கூப்பிடவில்லை. எங்கள் பிள்ளைகளின் திருமணத்தில் சாதி கேட்டோம், நிறம் பார்த்தோம். மலாய் அண்டைவீட்டாரைப் பற்றி எங்கள் பிள்ளைகள் காதுபடத் தாழ்வாகப் பேசினோம். எங்களை இழிவாய்ப் பேசினபோது வலித்தது. நாங்கள் பேசினபோது சிரித்தோம். இவை எங்கள் பாவங்கள்.’

இதைப் போதகர் மட்டும் வாசிக்காமல், சபையின் மூத்த குடும்பங்களிலிருந்து ஓரிருவர் முன்வந்து வாசிப்பது நல்லது. ஒரே கட்டடத்தைப் பகிரும் சீன, ஆங்கில ஆராதனையார் தங்கள் அறிக்கையைத் தாங்களே எழுதட்டும். அதை நாம் எழுதிக் கொடுக்கக்கூடாது. அவர்கள் முதலில் செய்யட்டும் என்று காத்திருக்கவும் கூடாது.

படி 6: ஈடுசெய்யுங்கள்

சகேயு வாயால் மனந்திரும்பியதோடு நிற்கவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனை திரும்ப. இயேசு ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்று சொன்னது அதற்குப் பிறகுதான். சபை ஈடுசெய்ய வேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது, அதிகாரம். நிர்வாகக் குழுவில் யார் யார்? காணிக்கை எண்ணுவது யார்? சாவி யாரிடம்? பகிர்ந்த கட்டடம் என்றால் ஆராதனை நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள், ஒலிபெருக்கிச் செலவு எந்தக் கணக்கில், ஆண்டுக் கூட்டத்தின் அறிக்கை எத்தனை மொழியில்? தனித்தனி மொழி ஆராதனையே பிரிவினை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. தாய்மொழியில் ஜெபிக்கிற உரிமையை விட்டுக்கொடுத்து வருவது ஒற்றுமை ஆகாது. சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபையில் இம்மானுவேல் தமிழ் ஆண்டுப் பேரவை, சீன ஆண்டுப் பேரவை, ஆங்கில ஆராதனைகளின் டிரினிட்டி ஆண்டுப் பேரவை என்று மூன்று நிர்வாகப் பிரிவுகள் இருப்பதில் தவறில்லை. கேட்க வேண்டியது, ஒவ்வொரு சபைக் கட்டடத்துக்குள்ளும் முடிவெடுக்கும் மேசையில் மூன்று பேருக்கும் நாற்காலி இருக்கிறதா என்பதே. அந்தியோகியா சபையின் தலைவர் பட்டியல் அப்போஸ்தலர் 13:1இல் இருக்கிறது: சைப்பிரஸ் தீவின் பர்னபா, நீகர் என்னப்பட்ட சிமியோன், ஆப்பிரிக்கச் சிரேனேயின் லூகி, ஏரோது வீட்டில் வளர்ந்த மனாயீன், தர்சுவின் சவுல். அந்தச் சபையிலிருந்துதான் முதல் மிஷனரிகள் அனுப்பப்பட்டார்கள்.

இரண்டாவது, பணமும் வேலையும். நம் சபைகளில் முதலாளிகள் உண்டு, மேற்பார்வையாளர்கள் உண்டு, பணிப்பெண் வைத்திருக்கும் குடும்பங்கள் அநேகம். ‘கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது’ என்று யாக்கோபு 5:4 அவர்களோடுதான் பேசுகிறது. 2023 ஜனவரி முதல், பணிப்பெண்ணுக்கு மாதம் ஒரு ஓய்வு நாளாவது கட்டாயம் கொடுக்க வேண்டும். அதைப் பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது. இது சட்டத்தின் குறைந்தபட்ச அளவு. கிறிஸ்தவ வீடு அங்கேயே நின்றுவிடலாமா? வாரம் ஒரு நாள் முழுதாக விடுங்கள். அந்த நாள் ஞாயிறாக இருக்கட்டும். நம் சபைக்குத்தான் வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். கடவுச்சீட்டைப் பூட்டி வைத்திருந்தால் இன்றே திருப்பிக் கொடுங்கள். ஆட்களை லாரியின் பின்புறத்தில் ஏற்றி அனுப்பும் தொழில் செய்கிறவர் சபையில் இருந்தால், அவரோடு மூப்பர்கள் தனியாகப் பேச வேண்டும். வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் முகவரிடம் ‘எந்த இனமானாலும் சரி’ என்று எழுத்தில் கொடுக்கட்டும். ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள், இனப் பாகுபாட்டைத் தடுக்கும் பணியிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதை அறிந்திருக்க வேண்டும்.

புதிதாக ஏதும் தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை. 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பு வெளிநாட்டு ஊழியர்களுக்கு மருத்துவமும் ஆலோசனையும் தருகிறது. கத்தோலிக்கப் பேராயத்துக்கும் குடியேறிகளுக்கென்றே ஓர் ஆணையம் உண்டு. அவர்களோடு சேர்ந்து வேலை செய்யுங்கள். தமிழ் பேசும் தொண்டூழியர்களின் தேவை இந்த வேலையில் எப்போதும் இருக்கிறது. நம்மால் எளிதில் கொடுக்கக்கூடியது அது. 2020இல் கொவிட் தொற்று தங்குவிடுதிகளுக்குள் பரவி, அங்கிருந்தவர்கள் மாதக்கணக்கில் வெளியே வரமுடியாமல் இருந்தபோது, ஊரிலிருக்கும் மனைவியோடும் பிள்ளைகளோடும் பேசுவதைத் தவிர அவர்களுக்கு வேறு ஆறுதல் இல்லை. தமிழில் ஒரு குரல் தொலைபேசியில் தவறாமல் அழைத்து விசாரிப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது அப்போது வெட்டவெளிச்சமாயிற்று.

மூன்றாவது, பிள்ளைகள். ஞாயிறு பள்ளிப் படங்களில் எல்லா இயேசுவும் வெள்ளைக்காரராக இருக்கத் தேவையில்லை. பட்டப்பெயர்களை ஆசிரியர்கள் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். கலப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளிடம் ‘நீ தமிழா, சீனனா?’ என்று கேட்பதை விடுங்கள்.

படி 7: இப்போது மேசையைப் போடுங்கள்

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகினார். பவுல் அவரை எல்லார் முன்பாகவும் கண்டித்ததைக் கலாத்தியர் 2 சொல்கிறது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பது சுவிசேஷத்தின் சத்தியத்தோடு சம்பந்தப்பட்டது என்று பவுல் எண்ணினார். பழக்கவழக்கம் என்று விட்டுவிடவில்லை.

திருவிருந்தில் இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சாட்சி. அங்கே டச்சு சீர்திருத்த சபையின் சினட் என்னும் ஆளும் பேரவை 1857இல், வெள்ளையரும் மற்றவரும் ஒன்றாக ஆராதிப்பதே வேதத்துக்கு ஏற்றது என்று சொன்னது. ஆனாலும் ‘சிலருடைய பலவீனத்தின் நிமித்தம்’ தனித்தனியே கூட அனுமதித்தது. தற்காலிகச் சலுகை வழக்கமாயிற்று. 1881இல் வெள்ளையர் அல்லாதோருக்குத் தனிச் சபையே உண்டாயிற்று. பிறகு அந்தப் பிரிவினைக்கு இறையியல் நியாயம் எழுதப்பட்டு, அது நிறவெறி ஆட்சிக்குத் தூணாக நின்றது. அந்தத் தனிச் சபையே 1982இல் பெல்ஹார் அறிக்கையை எழுதி, 1986இல் தன் விசுவாச அறிக்கையாக ஏற்றுக்கொண்டது. ஒப்புரவை மறுப்பது சுவிசேஷத்தையே மறுப்பதாகும் என்பது அதன் சாரம். அதைக் குழுவாக அமர்ந்து வாசிக்க ஒரு மாலை ஒதுக்குங்கள், சில பக்கங்கள்தான்.

ஆண்டுக்கு நான்கு முறையாவது எல்லா மொழி ஆராதனையாரும் ஒரே மேசையில் திருவிருந்து எடுக்கட்டும். பெரிய வியாழன் அதில் ஒன்றாக இருக்கட்டும். மூப்பர் வெளிநாட்டு ஊழியரின் காலைக் கழுவுவதோடு நின்றுவிடாமல், அப்பத்தையும் பாத்திரத்தையும் ஊழியரின் கையிலிருந்து மூப்பர் வாங்கட்டும். முழு ஆராதனையும் ஆங்கிலத்தில், ஒரு பாட்டு மட்டும் தமிழில் என்று வேண்டாம். ஜெபம் தமிழிலும் மாண்டரினிலும் அப்படியே நடக்கட்டும். திரையில் மற்றவர் மொழியில் வரிகள் ஓடட்டும். புரியாத மொழியில் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பது நம்மவருக்கு வாடிக்கை. மற்றவரும் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும்.

வீட்டுப் பந்தி இன்னும் பலன் தரும். இரண்டு இனத்தைச் சேர்ந்த குடும்பங்களை மூன்று மூன்றாக இணைத்து, மாதம் ஒரு வீட்டில் இரவு உணவு. மாட்டிறைச்சி உண்ணாதவர் யார், பன்றி இறைச்சி உண்ணாதவர் யார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய விருந்து வேண்டாம். கோப்பிக்கடையில் வாங்கி வந்தாலும் போதும். ஆறு மாதத்துக்குள் ஒரு குடும்பம் மற்றொன்றின் துக்க வீட்டுக்குப் போகும் நிலை வந்தால், காரியம் நடந்துகொண்டிருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

படி 8: மறுபடியும் நடந்தால்

நடக்கும். நடக்கும்போது என்ன செய்வது என்று இப்போதே எழுதிவையுங்கள். மத்தேயு 18:15இன்படி ‘அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து’ என்று காயப்பட்டவரைத் தனியே அனுப்புவதில் கவனம் தேவை. அந்த வசனம் சகோதரனுக்கும் சகோதரனுக்கும் இடையே உள்ளது. முதலாளியிடம் தொழிலாளியையோ, மூப்பரிடம் பதினைந்து வயதுப் பிள்ளையையோ தனியே அனுப்புவதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல. முதல் முறையே இன்னொருவர் கூடப் போகட்டும். புகாரை வாங்க ஓர் ஆண், ஒரு பெண் என இருவரைப் பெயர் அறிவித்து நியமியுங்கள். ஒரு வாரத்துக்குள் முதல் பதில் போக வேண்டும்.

சட்டத்தையும் அறிந்திருங்கள். இன நல்லிணக்கத்தைக் காக்கும் புதிய சட்டம் 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வழக்குக்குப் பதிலாக, தவறு செய்தவர் பாதிக்கப்பட்ட சமூகத்தோடு சேர்ந்து உறவைச் சீர்செய்யும் ஒரு வழியையும் அது வைத்திருக்கிறது. அடி, மிரட்டல், சம்பளம் கொடுக்காமை போன்றவற்றைச் சபைக்குள் பேசி முடிக்கப் பார்க்காதீர்கள்; காவல்துறையிடமோ மனிதவள அமைச்சிடமோ கொண்டுபோகப் பாதிக்கப்பட்டவருக்குத் துணையாக நில்லுங்கள். கேட்கும் கூட்டத்தில் வந்த கதைகளைச் சமூக ஊடகத்தில் போடவும் வேண்டாம். சொன்னவரின் சம்மதம் அந்த அறைக்கு மட்டும்தான்.

ஓராண்டு முடிந்ததும் படி 3இல் கேட்ட அதே மூன்று கேள்விகளோடு, அதே ஆட்களோடு, மறுபடியும் ஒரு கேட்கும் கூட்டம் வையுங்கள். நிர்வாகக் குழுவின் பட்டியல், ஆராதனை நேர அட்டவணை, வரவு செலவு ஆகிய மூன்றையும் சென்ற ஆண்டின் தாள்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தாள்களில் ஏதும் மாறவில்லை என்றால் படி 6க்குத் திரும்புங்கள். மாறியிருந்தால், என்ன மாறியது என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஆண்டுக் கூட்டத்தில் எல்லா மொழிகளிலும் வாசியுங்கள்.